தரூசா: ஓகா ஆற்றங்கரைச் சிற்றூர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ருஷ்ய இலக்கியம் படிக்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கதையையோ கவிதையையோ முடித்த கையோடு ஆசிரியர் குறிப்பைப் புரட்டிப் பார்ப்போம்: எங்கே பிறந்தார், எங்கே வாழ்ந்தார், எங்கே அடக்கமானார். அப்படிப் பார்த்துக்கொண்டே போனால் ஒரு பெயர் மறுபடி மறுபடி கண்ணில் படும். தரூசா. பெரிய நகரமல்ல, பத்தாயிரம் பேர்கூட இல்லை. ரயில் கிடையாது. ஒரு மாவட்டத்தின் தலைமையிடம், அவ்வளவுதான். அப்படியிருக்க, இவ்வளவு பேர் ஏன் அங்கே போய்ச் சேர்ந்தார்கள்? அந்தக் கேள்விதான் என்னை இந்த ஊரைப் பற்றி வருடக்கணக்கில் படிக்க வைத்தது. ஊரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நண்பர்கள் கேட்கிற கேள்விகளையும், என்னால் சொல்ல முடிந்த பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

தரூசா எங்கே இருக்கிறது?

மாஸ்கோவிலிருந்து தெற்கே, சாலை வழியாக ஏறத்தாழ 140 கிலோமீட்டர். கலூகா மாகாணத்தின் கிழக்கு ஓரம். ஓகா ஆற்றின் இடக்கரையில், தரூசா என்கிற சிற்றாறு வந்து ஓகாவில் கலக்கும் இடத்தில் ஊர் உட்கார்ந்திருக்கிறது. சிற்றாற்றை உள்ளூரில் செல்லமாகத் தருஸ்கா என்பார்கள். 1777இல் ஊருக்கு வழங்கப்பட்ட சின்னத்திலும் இந்த ஆறுதான்: வெள்ளிக் கேடயம், நடுவில் மேலிருந்து கீழாக ஓடும் நீல நிற அலை. வேறெதுவும் இல்லை. மற்ற ஊர்கள் கரடியும் கோட்டையும் கேட்டு வாங்கிய காலத்தில் தரூசாவுக்கு ஓர் ஆறு கிடைத்தது.

ஊர் மேடும் பள்ளமுமானது. ஓகாவின் பக்கம் கரை செங்குத்தாக இறங்கும். அங்கே நின்றால் ஆறு வளைந்து போவதும், எதிர்க்கரைக் காடும் வயலும் தெரியும். அந்த எதிர்க்கரை வேறு மாகாணம், தூலா.

‘மாவட்டத் தலைமையிடம்’ என்றால் சரியாக என்ன?

மாவட்டம் என்றதும் பல லட்சம் பேர் வாழும் பகுதியை நினைத்துக்கொள்ள வேண்டாம். ருஷ்யாவில் ‘ஓப்லாஸ்த்’ என்பது மாகாணம். அதற்குள் பல ‘ரயோன்’கள். அளவிலும் ஆள் எண்ணிக்கையிலும் ரயோனை ஒரு தாலுகா என்று எண்ணிக்கொண்டால் மனதில் சரியான படம் வரும். தரூசா மாவட்டம் முழுவதையும் சேர்த்தாலும் சுமார் 15,000 பேர்தான். அதில் பெரும்பகுதி இந்த ஒரே ஊரில் இருக்கிறது, மீதிப்பேர் சுற்றியுள்ள கிராமங்களில்.

மாவட்டத் தலைமையிடத்தை ருஷ்யர்கள் ‘ரய்த்ஸென்த்ர்’ என்று சுருக்கிச் சொல்வார்கள். அந்தச் சொல்லுக்கு ஒரு வாசனை உண்டு. நிர்வாக அலுவலகம், நீதிமன்றம், காவல் நிலையம், ஆஸ்பத்திரி, திருமணத்தையும் மரணத்தையும் பதிவு செய்யும் அலுவலகம், பேருந்து நிலையம், வாரச் சந்தை, நடுவே ஒரு சதுக்கம், சதுக்கத்தில் லெனின் சிலை. சுற்றுக் கிராமத்து மக்கள் காலைப் பேருந்தில் வந்து வேலையை முடித்துக்கொண்டு மாலைப் பேருந்தில் திரும்புவார்கள். தரூசாவின் சதுக்கத்தில் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த பீட்டர்–பால் பேராலயம் நிற்கிறது.

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து பழைய நிர்வாக முறையில் இது வட்டத் தலைநகராக இருந்தது. 1929இல் சோவியத் அரசு எல்லைகளை மாற்றி வரைந்தபோது இன்றைய மாவட்டம் பிறந்தது. கலூகா மாகாணமே 1944இல்தான் உருவானது. மாகாணங்கள் மாறின, கொடிகள் மாறின. கையெழுத்து வாங்க மக்கள் வருவது மட்டும் இதே ஊருக்குத்தான்.

எவ்வளவு பழைய ஊர்?

1246 என்ற ஆண்டைத்தான் ஊர் தன் பிறந்த ஆண்டாகக் கொண்டாடுகிறது. மங்கோலியர் படையெடுப்பைத் தொடர்ந்த காலம். செர்னிகொவ் கோமகன் மிகயீலின் மகன்களில் ஒருவருக்குத் தரூசா பங்காக வந்து, அது ஒரு குட்டி அரசானது. 1392இல் மாஸ்கோவின் கைக்குப் போனது. அதற்குப் பிறகு நெடுங்காலம் ஓகாதான் மாஸ்கோ அரசின் தெற்கு அரண். புல்வெளியிலிருந்து குதிரைகளில் வரும் கிரிமியத் தாத்தாரியரை ஆற்றங்கரையிலேயே தடுக்க வேண்டும். கரையோர ஊர்கள் எல்லாம் காவல் ஊர்கள்.

எல்லை தெற்கே நகர்ந்ததும் காவலுக்கு வேலையில்லாமல் போயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மாஸ்கோவிலிருந்து குர்ஸ்க் போகும் ரயில்பாதை செர்புகோவ் வழியாகப் போனது, தரூசாவைத் தொடவில்லை. ‘தருஸ்கயா’ என்ற பெயரில் ஒரு ரயில் நிலையம் இருக்கிறது. ஆனால் அது ஓகாவுக்கு அந்தப் பக்கம், தூலா மாகாணத்தில். அக்காலத்தில் அங்கே இறங்கியவர்கள் குதிரை வண்டி பிடித்து, ஆற்றையும் கடந்துதான் ஊருக்குள் வர முடியும்.

தொழிற்சாலையும் வணிகமும் வராமல் போனது ஊர்க்காரர்களுக்கு நட்டம்தான். அதை அழகான விஷயமாக ஆக்கிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆனால் பின்னால் நடந்ததற்கெல்லாம் வேர் இங்கேதான் இருக்கிறது. மாஸ்கோவுக்கு அருகில் இருந்தும் யாருடைய கண்ணிலும் படாத ஊராக அது இருந்தது.

கலைஞர்கள் முதலில் எப்போது வந்தார்கள்?

1890களில். ஓவியர் வசீலி பொலேனொவ் எதிர்க்கரையில் நிலம் வாங்கி, தானே வரைபடம் போட்டு வீடு கட்டி, 1892இல் குடும்பத்தோடு குடியேறினார். இன்று அந்த இடம் பொலேனவோ என்ற அருங்காட்சியகம். 1893இல் அவர் தீட்டிய ‘பொன் இலையுதிர்காலம்’ ஓவியத்தில் இருப்பது இந்த ஓகா வளைவுதான். மனிதர் ஓவியத்தோடு நின்றுவிடவில்லை. சுற்றுக் கிராமங்களில் பள்ளிகள் கட்டினார். நாடகம் போட்டார். விளக்கொளியில் காட்டும் படத்தொடர் ஒன்றைத் தன் கையாலேயே வரைந்து, கிராமத்துக் குழந்தைகளுக்கு உலகத்தையே சுற்றிக் காட்டினார். அந்தப் படங்கள் இன்றும் அந்த வீட்டில் காட்டப்படுகின்றன.

அதே ஆண்டுகளில் தரூசா பக்கம் வந்தது பேராசிரியர் இவான் ஸ்வெத்தாயெவின் குடும்பம். மாஸ்கோவின் நுண்கலை அருங்காட்சியகத்தை, இன்று பூஷ்கின் பெயரில் இருப்பதை, நிறுவியவர் அவர். உறவினர் ஒருவர் தரூசாவில் மருத்துவராக இருந்தார், அந்தத் தொடர்பில் வந்தார்கள். ஊருக்குச் சற்று வெளியே பெசோச்னயே என்ற இடத்தில் ஒரு கோடை வீட்டை வாடகைக்கு எடுத்து, ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கோடைதோறும் வந்தார்கள். அவருடைய மகள்தான் மரீனா ஸ்வெத்தாயெவா.

1905இல் ஓவியர் விக்தர் போரிசொவ்-முசாத்தொவ் அதே வீட்டில் வந்து தங்கினார். அந்த ஆண்டே தரூசாவில் இறந்துபோனார், 35 வயதில். ஓகாவில் மூழ்கிய சிறுவன் ஒருவனைப் பிழைக்க வைக்கப் போராடினார் என்று ஊரில் ஒரு கதை உண்டு. கரைமேட்டில் உள்ள அவர் கல்லறையின் மேல் சிற்பி அலெக்சாந்தர் மத்வேயெவ் செதுக்கிய சிறுவன் படுத்திருக்கிறான், தூங்குகிறவனைப் போல.

மரீனா ஸ்வெத்தாயெவாவுக்கும் தரூசாவுக்கும் என்ன உறவு?

இருபதாம் நூற்றாண்டின் மகத்தான ருஷ்யக் கவிகளில் ஒருவரான மரீனா பிறந்தது மாஸ்கோவில், 1892இல். ஆனால் சந்தோஷமான குழந்தைப் பருவம் என்று அவர் நினைத்துக்கொண்டதெல்லாம் தரூசா. மலைச்சரிவு, ஆறு, பழத்தோட்டம், படகு, அம்மா வாசிக்கும் பியானோ. அந்த அம்மா காசநோயில் இறந்ததும் இதே பெசோச்னயே வீட்டில்தான், 1906 கோடையில். மரீனாவுக்கு அப்போது 13 வயது.

புரட்சிக்குப் பின் மரீனா நாட்டைவிட்டுப் போனார். பெர்லின், செக் நாடு, பாரிஸ். வறுமையில் இருந்த பாரிஸ் ஆண்டுகளில், 1934இல், தரூசா நினைவுகளை ஓர் உரைநடைப் படைப்பாக எழுதினார். ஊர் ஓரத்தில் தனியே வாழ்ந்த ஒரு சமயப் பிரிவுப் பெண்களைப் பற்றியது. அதன் முடிவில் தன் ஆசையைச் சொல்கிறார்: அந்தப் பெண்களின் கல்லறைத் தோட்டத்தில், புதரின் கீழே, காட்டு ஸ்ட்ராபெர்ரி பழுக்கும் இடத்தில் தன்னைப் புதைக்க வேண்டும். அது முடியாதென்றால், அந்த மேட்டில் தரூசாக் குவாரிக் கல் ஒன்றையாவது வைக்க வேண்டும், மரீனா ஸ்வெத்தாயெவா படுத்திருக்க விரும்பியது இங்கே என்று பொறித்து.

1939இல் சோவியத் நாட்டுக்குத் திரும்பினார். சில மாதங்களில் மகளும் கணவரும் கைதானார்கள். போர் வந்து மாஸ்கோவிலிருந்து வெளியேற்றப்பட்டு, காமா ஆற்றங்கரையில் உள்ள எலாபுகா என்ற தொலைதூரச் சிற்றூரில் 1941 ஆகஸ்ட் 31 அன்று தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். எலாபுகா கல்லறையில் அவர் எந்த இடத்தில் கிடக்கிறார் என்பது சரியாகத் தெரியாது.

அந்தக் கல்லை யாராவது வைத்தார்களா?

வைத்தார்கள். 1962இல் கீயிவிலிருந்து வந்த ஒரு மாணவர், மரீனாவின் வரிகளைப் படித்துவிட்டு, தானே முயன்று ஒரு கல்லைச் செதுக்க வைத்து ஓகா கரைமேட்டில் நிறுத்தினார். அதிகாரிகள் சீக்கிரமே அதை அகற்றிவிட்டார்கள். 1966இல் பெசோச்னயே வீடும் இடிக்கப்பட்டது. 1988இல்தான் மீண்டும் ஒரு கல் அதே மேட்டில் வந்தது, இன்றும் இருக்கிறது. குடும்பத்துக்கு உறவான முதிய பெண்மணி ஒருவர் வாழ்ந்த வீடு 1992இல் ஸ்வெத்தாயெவ் குடும்ப அருங்காட்சியகம் ஆனது. 2006இல் ஆற்றைப் பார்த்தபடி மரீனாவுக்குச் சிலையும் எழுந்தது. அக்டோபர் தொடக்கத்தில், அவர் பிறந்தநாளையொட்டி, வாசகர்கள் கூடித் தீ மூட்டி அவர் கவிதைகளைப் படிக்கும் வழக்கம் 1980களில் இங்கே தொடங்கிப் பல நாடுகளுக்குப் பரவியிருக்கிறது.

மரீனாவின் மகள் அரியாத்னா எஃப்ரோனைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஸ்டாலின் காலத்துக் கட்டாய உழைப்பு முகாமிலும் வடக்கே நாடுகடத்தலிலும் பதினாறு ஆண்டுகள் போயின. 1955இல் குற்றமற்றவர் என்று அரசே அறிவித்தது. தரூசாவில் இருந்த அத்தை வலேரியாவின் நிலத்தில், நாடுகடத்தப்பட்ட நாட்களில் உடனிருந்த தோழியோடு சேர்ந்து, சின்னதாக ஒரு வீடு கட்டிக்கொண்டார். அம்மாவின் கையெழுத்துப் பிரதிகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து, படியெடுத்து, பதிப்புக்குத் தயார் செய்வதில் மீதி வாழ்நாளைச் செலவிட்டார். 1975 ஜூலையில் தரூசா ஆஸ்பத்திரியில் இறந்தார். கல்லறையும் இந்த ஊரில்தான். தரூசாவில் படுத்திருக்க அம்மா ஆசைப்பட்டார். மகளுக்குத்தான் அது வாய்த்தது.

‘நூற்றியோராவது கிலோமீட்டர்’ என்று சொல்கிறார்களே, அது என்ன?

இந்த ஊரைப் புரிந்துகொள்ள இதுதான் திறவுகோல். சோவியத் குடிமகனின் உள்நாட்டுப் பாஸ்போர்ட்டில் ‘ப்ரொபீஸ்கா’ என்ற குடியிருப்புப் பதிவு முத்திரை இருக்க வேண்டும். அது இல்லாமல் ஓர் ஊரில் வசிக்க முடியாது, வேலையும் கிடைக்காது. முகாமிலிருந்து விடுதலையானவர்களில் பலருக்கு மாஸ்கோ, லெனின்கிராத் போன்ற பெருநகரங்களில் அந்த முத்திரை மறுக்கப்பட்டது. நகரங்களில் மட்டுமல்ல, அவற்றைச் சுற்றி நூறு கிலோமீட்டருக்குள்ளும். எனவே அவர்கள் தேடியது நூற்றியோராவது கிலோமீட்டரை. தடைக்கு வெளியே, ஆனால் மாஸ்கோவில் இருக்கும் மனைவியோ பிள்ளையோ ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்துவிட்டுப் போகும் தூரத்தில்.

தரூசா அந்த எல்லைக்குச் சற்று வெளியே இருந்தது. இப்படி வந்தவர்களில் மருத்துவர், கவிஞர், மொழிபெயர்ப்பாளர், பொறியாளர், பாதிரியார் எல்லோரும் உண்டு. யாரும் தரூசாவின் அழகுக்காக முதலில் வரவில்லை. வேறு இடமில்லை, வந்தார்கள். மர வீட்டில் ஓர் அறை, விறகு அடுப்பு, தெருமுனைக் குழாயில் தண்ணீர். சுற்றுலா எழுத்துகளில் இந்த ஊரைக் கவிஞர்கள் தேடி வந்த சொர்க்கம் என்று எழுதுகிறார்கள். எனக்கு அது வருத்தம் தரும். பாதிப்பேர் துரத்தப்பட்டு வந்தவர்கள். அவர்களுக்கு அறையை வாடகைக்கு விட்ட, பக்கத்து வீட்டிலிருந்து பால் கொடுத்த, பெயர் தெரியாத ஊர்க்காரர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை.

கவிஞர் நிகலாய் ஸபலோத்ஸ்கி முகாம் அனுபவித்தவர். வாழ்வின் கடைசி இரண்டு கோடைகளை, 1957லும் 1958லும், இங்கே கழித்து எழுதினார். முகாமுக்குப் போகும் வழியில் மாண்ட கவிஞர் ஓசிப் மந்தெல்ஷ்தாமின் மனைவி நதேழ்தா, சொந்த வீடென்று எதுவும் இல்லாமல் ஊர் ஊராக அலைந்தவர், 1960களின் தொடக்கத்தில் தரூசாவில் வாழ்ந்தார். கணவரின் கவிதைகளைக் காகிதத்தில் வைத்திருக்கப் பயந்து மனதில் மனப்பாடமாகக் காத்த பெண் அவர்.

‘தரூசாப் பக்கங்கள்’ என்ற தொகுப்பு ஏன் இவ்வளவு பேசப்படுகிறது?

1961இல் வந்த ஓர் இலக்கியத் தொகுப்பு அது. எழுத்தாளர் கான்ஸ்தந்தீன் பாவுஸ்தோவ்ஸ்கியின் பெயர் பின்பலமாக இருந்தது. தொகுப்பு வேலையின் பெரும்பகுதியைச் சுமந்தவர் தரூசாவில் வீடு வைத்திருந்த நிகலாய் ஒத்தென். மாஸ்கோவில் இப்படியொரு தொகுப்புக்குத் தணிக்கை அனுமதி கிடைக்காது என்று தெரியும். அதனால் கலூகா பதிப்பகத்தின் வழியாகக் கொண்டுவந்தார்கள். மாகாண அளவிலான அனுமதி போதுமானதாக இருந்தது. சிற்றூருக்குச் சிறிய கதவு, அதன் வழியே பெரியவர்கள் நுழைந்தார்கள்.

உள்ளே யார் இருந்தார்கள் என்று பாருங்கள். மரீனாவின் நாற்பதுக்கும் மேற்பட்ட கவிதைகள்; அவர் தாயகத்தில் அச்சில் ஏறாமலே கடந்த நீண்ட ஆண்டுகளுக்குப் பிறகு. புலாத் ஒகுத்ஜாவாவின் போர்க்காலக் குறுநாவல், வீரமுழக்கம் இல்லாமல் பயத்தையும் பசியையும் சொல்லும் கதை. ஸபலோத்ஸ்கி, ஸ்லூத்ஸ்கி, சமோய்லொவ் ஆகியோரின் கவிதைகள். யூரி கஸக்கோவின் கதைகள். ‘யாக்கவ்லெவா’ என்ற புனைபெயரில் நதேழ்தா மந்தெல்ஷ்தாம்.

75,000 பிரதிகள் அச்சிடுவதாகத் திட்டம். சுமார் 31,000 அச்சானபோது மேலிடத்து உத்தரவு வந்து வேலை நின்றது. நூலகங்களிலிருந்து பிரதிகள் விலக்கப்பட்டன. பதிப்பகத்தின் தலைமை ஆசிரியர் வேலையை இழந்தார். ஆனால் விற்றுப்போன பிரதிகளைத் திரும்பப் பிடிக்க முடியுமா? கைமாறிக் கைமாறி நாடு முழுக்கப் போய்விட்டன. கலூகாவின் அச்சகத் தொழிலாளர்கள் அந்த முதல் 31,000ஐ ஓட்டிய நாட்களை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

பாவுஸ்தோவ்ஸ்கி ஊருக்கு என்ன செய்தார்?

1950களின் நடுவில் தருஸ்கா ஆற்றோரம் வீடு வாங்கிக் குடியேறியவர், இறுதிவரை இந்த ஊரை விடவில்லை. அவர் எழுத்தைப் படித்தவர்களுக்குத் தெரியும், மழையையும் மூடுபனியையும் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதக்கூடியவர். ஆனால் 1956இல் ‘ப்ராவ்தா’ நாளிதழுக்குத் தரூசாவிலிருந்து அவர் எழுதிய கடிதம் மூடுபனியைப் பற்றியதல்ல. மாஸ்கோவுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் ஒரு மாவட்ட ஊர் எப்படிக் கவனிப்பாரின்றிக் கிடக்கிறது என்பதைப் பற்றியது. நாட்டின் முதல் நாளிதழில், மிகவும் மதிக்கப்பட்ட எழுத்தாளர், தன் ஊரின் அடிப்படை வசதிகளுக்காக வாதாடினார். அழகை எழுதுகிறவர் சாலையையும் எழுத வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. அவருடைய கதைகளைவிட இந்தக் கடிதத்துக்காகவே ஊர்க்காரர்கள் அவரைத் தங்களவர் என்று ஏற்றுக்கொண்டிருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

ஊர் அவரைக் கௌரவக் குடிமகனாக்கியது. 1968 ஜூலையில் மாஸ்கோவில் இறந்தவரைத் தரூசாவுக்குக் கொண்டுவந்து, தருஸ்காவின் மேட்டில் அடக்கம் செய்தார்கள். அவர் வீடு 2012இலிருந்து அருங்காட்சியகம். தோட்டம் சின்னது, வீடும் சின்னது.

1970களிலும் அரசியல் கைதிகள் வந்தார்களா?

வந்தார்கள். ஸ்டாலின் போய்விட்டார், நூற்றியோராவது கிலோமீட்டர் போகவில்லை. மனித உரிமைப் போராளி அலெக்சாந்தர் கின்ஸ்பர்க் சிறையிலிருந்து வந்து தரூசாவில் குடியிருந்தார். அரசியல் கைதிகளின் குடும்பங்களுக்கு எழுத்தாளர் சோல்ஷெனிட்சின் ஏற்படுத்திய உதவி நிதியை அவர்தான் நிர்வகித்தார். 1977இல் மீண்டும் கைது, அடுத்த ஆண்டு கலூகாவில் விசாரணை. தொழிலாளியும் முகாம்களின் உண்மையை எழுதியவருமான அனத்தோலி மார்ச்சென்கோவும், அவர் மனைவி லரீசா பொகராஸும் இங்கே வாழ்ந்தார்கள். இரவில் வீட்டை விட்டு வெளியேறக் கூடாது என்பது போன்ற காவல் கண்காணிப்பு. 1975இல் மார்ச்சென்கோ திரும்பவும் கைதானார். 1986 டிசம்பரில் சிறையில் இறந்தார்.

ஆஸ்பத்திரி பற்றி ஏதோ படித்தேன். என்ன விஷயம்?

இதயநோய் மருத்துவரும் எழுத்தாளருமான மக்சீம் ஓசிப்பொவ் சம்பந்தப்பட்டது. அவருடைய கொள்ளுத்தாத்தாவும் மருத்துவர்; முகாமிலிருந்து வெளிவந்து, மாஸ்கோவில் வாழ அனுமதியில்லாமல் தரூசாவுக்கு வந்தவர். மாஸ்கோவில் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஓசிப்பொவ் 2000களின் நடுவில் இங்கே வந்து மாவட்ட ஆஸ்பத்திரியில் இதயநோய்ப் பிரிவை வளர்த்தெடுக்கத் தொடங்கினார். நண்பர்கள் நன்கொடை திரட்டினார்கள். கருவிகள் வந்தன. மாஸ்கோவுக்கு ஓடாமல், உள்ளூரிலேயே முறையான வைத்தியம் கிடைத்தது. அந்த அனுபவங்களைக் கட்டுரைகளாக எழுதினார். மாகாண வாழ்வின் சோர்வையும் அலட்சியத்தையும் மறைக்காமல்.

2008இல் மாவட்ட நிர்வாகத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் நன்கொடைக் கருவிகளையும் நிர்வாகத்தையும் ஒட்டி மோதல் வெடித்து, நாடு முழுக்கச் செய்தியானது. மாவட்டத் தலைமையிடம் என்பதன் பொருள் அப்போதுதான் வெளியூர்க்காரர்களுக்கு உறைத்தது. ஒரு சதுக்கத்தைச் சுற்றி இருக்கும் சில அலுவலகங்கள் சண்டையிட்டுக்கொண்டால், 15,000 பேரின் மூச்சும் மாரடைப்பும் நடுவில் மாட்டிக்கொள்ளும். ஆஸ்பத்திரி தொடர்ந்தது. ஓசிப்பொவும் பல ஆண்டுகள் தொடர்ந்தார். உக்ரைன் மீதான போர் தொடங்கிய 2022இல் அவர் நாட்டைவிட்டு வெளியேறினார். தடைசெய்யப்பட்டவர்களுக்கு இடம் கொடுத்த ஊரிலிருந்து இப்போது ஆட்கள் வெளியே போகிறார்கள்.

இரண்டாம் உலகப் போரில் ஊருக்கு என்ன ஆயிற்று?

1941 அக்டோபர் இறுதியில் ஜெர்மன் படை பிடித்தது. மாஸ்கோ எதிர்த்தாக்குதலில் டிசம்பர் 19 அன்று மீட்கப்பட்டது. ஏறத்தாழ எட்டு வாரம். சோவியத் 33ஆம் படையின் தளபதி மிகயீல் யெஃப்ரேமொவ் தரூசாவில் பிறந்தவர். 1942 ஏப்ரலில் வியாஸ்மா அருகே சுற்றி வளைக்கப்பட்டபோது, எதிரியிடம் பிடிபடாமல் தன்னையே சுட்டுக்கொண்டார். ஊரில் அவருக்கு நினைவுச்சின்னம் இருக்கிறது.

மக்கள் எதை நம்பி வாழ்கிறார்கள்?

அரசு அலுவலகம், பள்ளி, ஆஸ்பத்திரி, கடை. கோடையில் மாஸ்கோவிலிருந்து வரும் ‘தாச்சா’க்காரர்கள், அதாவது இங்கே கோடை வீடு வைத்திருப்பவர்கள்; கோடை வந்தால் தெருவில் ஆட்கள் பெருகிவிடுவார்கள். இரண்டு தொழில்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஒன்று, தரூசாப் பூத்தையல். கலூகா கிராமத்துப் பெண்களின் பழைய தையல் முறையில் துணியின் இழைகளை உருவிவிட்டு, மிஞ்சிய வலையில் வண்ண நூலைச் சுற்றி உருவங்களை எழுப்புவார்கள். 1920களில் கூட்டுறவாகத் தொடங்கிய வேலை பிறகு தொழிற்சாலையானது. இன்னொன்றை யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள். விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் கருவி வடிவமைப்புப் பிரிவு ஒன்று 1970களின் இறுதியிலிருந்து இங்கே இயங்குகிறது. விண்கலங்களில் பறக்கும் கருவிகள் ரயில்கூட வராத ஊரில் செய்யப்படுகின்றன.

பழைய சுண்ணாம்புக் கல் குவாரிகளும் உண்டு. மரீனா கேட்டது அந்தக் கல்லைத்தான். புவியியலாளர்கள் நிலக்கரிக் காலத்துப் பாறை அடுக்கு ஒன்றுக்கே தரூசாவின் பெயரை வைத்திருக்கிறார்கள்.

இசை விழா நடக்குமாமே?

பியானோ மேதை ஸ்வியாத்தஸ்லாவ் ரிக்தெருக்கு ஓகா கரைக் காட்டில் கோபுரம் போல உயர்ந்த மர வீடு ஒன்று இருந்தது. அவர் பெயரிலான அறக்கட்டளை 1993இலிருந்து தரூசாவில் இசை விழா நடத்துகிறது. இளம் கலைஞர்கள் வந்து தங்கிப் பயிற்சி எடுப்பதற்கும் அங்கே ஏற்பாடு உண்டு.

எப்படிப் போவது? எவ்வளவு நாள் வேண்டும்?

மாஸ்கோவின் தெற்குப் பகுதியிலிருந்து நேரடிப் பேருந்து உண்டு. இல்லாவிட்டால் குர்ஸ்க் ரயில் நிலையத்தில் செர்புகோவ் போகும் மின்ரயில் ஏறி, அங்கிருந்து பேருந்து மாற வேண்டும். வரைபடத்தில் ‘தருஸ்கயா’ நிலையத்தைப் பார்த்துவிட்டு அங்கே இறங்கிவிடாதீர்கள், நடுவில் ஓகா இருக்கிறது.

ஒரு பகலில் ஓடிப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் உண்டு. நான் சொல்வது இரண்டு இரவு. முதல் நாள் சதுக்கம், ஸ்வெத்தாயெவ் வீடு, பாவுஸ்தோவ்ஸ்கி வீடு. அங்கிருந்து கரைமேட்டுப் பாதையில் முசாத்தொவின் கல்லறை, மரீனாவின் கல். அந்த நடையை மாலையில் வையுங்கள். அரியாத்னாவின் கல்லறை ஊர்ப் பொதுக் கல்லறையில் இருக்கிறது, கேட்டால் வழி காட்டுவார்கள். இரண்டாம் நாள் பொலேனவோ. கோடையில் தரூசாத் துறையிலிருந்து படகு போகும். ஆறு உறைந்த பிறகும், பனி உருகி ஓடும் வசந்தத்தின் தொடக்கத்திலும் படகு இல்லை. அப்போது எதிரே கண்ணுக்குத் தெரியும் வீட்டுக்கே செர்புகோவ் பாலம் வழியாகச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும்.